இரண்டு விரற்கடைக்குக் கீழே

தடுப்பூசி போட்ட கை இரண்டு மூன்று நாள் வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வலி அதோடு நின்றுவிட்டால் பேச எதுவுமில்லை. ஆனால் ஊசி போட்ட அன்றோ மறுநாளோ தோளுக்குள் ஆழமாக ஒரு வலி பிடித்து, வாரக்கணக்கில் விடாமல், கையைப் பக்கவாட்டில் தூக்கவும் முதுகுப் பக்கம் கொண்டுபோகவும் முடியாமல் ஆக்கிவிடுவதும் உண்டு. தலை சீவ முடியாது, ரவிக்கை மாட்ட முடியாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். தடுப்பூசி செலுத்துவதால் நேரும் இந்தத் தோள் காயத்தை ஆங்கிலச் சுருக்கத்தில் ‘சிர்வா’ என்கிறார்கள். இதில் குற்றவாளி மருந்து அல்ல, ஊசி ஏறிய இடம். தடுப்பூசியால் நேர்ந்ததாகச் சொல்லப்படும் பாதிப்புகளில் காரணத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டக்கூடியவை மிகச் சில. அப்படியிருந்தும், போடிநாயக்கனூரில் கூலி வேலை பார்க்கும் ஒருவருக்கு இது நேர்ந்தால் நம் சட்டத்தில் அவர் இழப்பீடு பெறுவது ஏறக்குறைய நடக்காத காரியம். காரணம் தெரிந்த காயத்துக்கு ஏன் வழி இல்லை, அந்த வழி எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் உடற்கூறு. தோளின் உச்சியைத் தடவினால் ஒரு எலும்பு முனை தட்டுப்படும். அதற்குப் பெயர் அக்ரோமியன். அங்கிருந்து கவிழ்த்த முக்கோணம்போல இறங்கும் தடித்த தசைதான் டெல்டாய்டு. பெரியவர்களுக்கான ஊசிகளில் பெரும்பாலானவை இதில்தான் போடப்படுகின்றன. அந்தத் தசைக்கும் அடியில் உள்ள எலும்புக்கும் நடுவே, உராய்வைக் குறைக்க வழுவழுப்பான திரவம் கொண்ட மெல்லிய பை ஒன்று இருக்கிறது. தோளைத் தூக்கிச் சுழற்றும் தசைநாண்கள் அதற்குக் கீழேதான் ஓடுகின்றன. 2007இல் போடோர், மோன்டால்வோ என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், ஊசிக்குப் பின் தோள் முடங்கிய இருவரைப் பற்றி எழுதியபோது, ஆரோக்கியமானவர்களின் தோள்களையும் அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்தார்கள். எலும்பு முனைக்குக் கீழே 3 முதல் 6 சென்டிமீட்டர் வரை அந்தப் பை இறங்கியிருந்தது. தோலிலிருந்து பை வரையுள்ள ஆழம் 0.8 முதல் 1.6 சென்டிமீட்டர்தான். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தசைக்குள் போடும் ஊசியின் நீளம் 2.5 சென்டிமீட்டர். கணக்கு இவ்வளவுதான்: தசையின் மேல் பகுதியில், அதுவும் ஒல்லியான ஒருவருக்கு, ஊசி முழுவதும் இறங்கினால் மருந்து தசையில் தங்காது. தாண்டிப் போய்ப் பைக்குள்ளோ தசைநாணிலோ இறங்கிவிடும். நோய் எதிர்ப்பைத் தூண்டவென்றே செய்யப்பட்ட பொருள், மூட்டருகே மூடிய ஒரு பைக்குள் சிக்கினால் அங்கேயே அழற்சியை மூட்டிவிடும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். வெறுமனே ஊசி குத்திய காயமாக இருந்தால் இவ்வளவு நாள் நீடிக்காது.

இந்த விளக்கம் யூகமாக மட்டும் நின்றுவிடவில்லை. 2010இல் அடானாசாஃப் என்பவரும் உடனிருந்தவர்களும், அமெரிக்க அரசின் இழப்பீட்டுத் திட்டத்துக்கு வந்த 13 பேரின் கோப்புகளை ஆராய்ந்தார்கள். ஒருவர் தவிர எல்லோருக்கும் 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருந்தது, பாதிக்கு மேற்பட்டோருக்கு ஊசி ஏறிய அந்தக் கணமே. ஏறக்குறைய பாதிப் பேர் ‘ரொம்ப மேலே போட்டுவிட்டார்கள்’ என்று சொல்லியிருந்தார்கள். அந்நாட்டு மருத்துவக் கழகம் 2011இல் தடுப்பூசிப் பாதிப்புகள் பற்றி வெளியிட்ட பெரிய அறிக்கையில், எத்தனையோ குற்றச்சாட்டுகளுக்கு ‘சான்று போதாது’ என்று எழுதிவிட்டு, ஊசி செலுத்துவதால் தோள் பை அழற்சி வரும் என்பதை உறுதியான சான்றுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2020இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட பத்து லட்சம் பேரில் கூடுதலாகச் சுமார் 8 பேருக்கு இந்த அழற்சி வருகிறது என்று கணக்கிட்டது. மிக அரிது, ஆனால் பூஜ்யம் அல்ல. அதே ஆண்டு இழப்பீட்டுக் கோப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விண்ணப்பித்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் பெண்கள், இடைநிலை வயது 51. பெண்களுக்குத் தசை மெலிது, ஊசியோ ஒரே நீளம். 60 கிலோவுக்குக் குறைவான எடை உள்ளவர்களுக்கு 1.6 சென்டிமீட்டர் ஊசியே போதும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. நம் ஊர்களில் 60 கிலோவைத் தொடாத பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை.

போடி பக்கத்துக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். இறுக்கமான ரவிக்கைக் கையைக் கீழிருந்து மேலே சுருட்டுவது கஷ்டம். அதனால் கழுத்துப் பக்கமாக ரவிக்கையை இறக்கித் தோளைக் காட்டுவது பலருக்கும் வழக்கம். அப்படிக் காட்டும்போது வெளியே தெரிவது டெல்டாய்டின் மேல் மூன்றிலொரு பங்குதான், அதாவது ஊசி போடவே கூடாத இடம். போட்டுக்கொள்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, செவிலியர் நின்றபடி போட்டால் கை இயல்பாகவே உயரத்துக்குப் போகும். இருவரும் உட்கார வேண்டும், எலும்பு முனையை விரலால் தொட்டு அதற்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை விட்டுத் தசையின் நடுவில் போட வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் 2021இல் கோவிட் ஊசிக்கு நடந்ததுபோல வரிசை தெருவரைக்கும் நிற்க, காலை எட்டு மணி முதல் ஒரே ஆள் போட்டுக்கொண்டிருந்தால் விதி எங்கே நிற்கும்? இங்கே தோளுக்கு ஊசி ஏறுவது பெருந்தொற்றின்போது மட்டும் அல்ல. அரிவாள் வெட்டுக்கும் முள் கிழித்ததற்கும் டி.டி., கர்ப்பிணிகளுக்கு டி.டி., நாய்க்கடிக்கு வெறிநாய்த் தடுப்பூசி என்று வருடம் முழுவதும் நடக்கும் காரியம் இது.

போடிப் பக்கத்தில் பலரும் போகும் ஏலக்காய் வேலைக்குத் தோள் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏலச்செடியில் காய் பிடிப்பது தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில்தான், குத்தவைத்துக் காய் எடுக்கக் கை தலைக்கு மேல் போக வேண்டியதில்லை. ஆனால் தேனி மாவட்டத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளத்திலுள்ள பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் போய்ச் சேர்கிறார்கள். எடுத்த காயைச் சாக்கில் தூக்க வேண்டும். மருந்தடிக்கும்போது ஹோஸ் இழுக்க வேண்டும். நிழல் மரம் கவாத்துக்குக் கை உயர்ந்தே ஆக வேண்டும். கீழே போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களுக்குச் சலிப்பதும் புடைப்பதும் அன்றாட வேலை. மருத்துவச் சான்றிதழில் இந்த ஊனம் சில சதவீதம்தான் வரும். கூலியில் அதன் பங்கு அதைவிட எத்தனையோ மடங்கு, வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பதால். சதவீதத்தை வைத்து அளக்கும் சட்டம் இங்கேதான் தவறிவிடுகிறது. பிரிட்டனில் 1979இலிருந்து தடுப்பூசிப் பாதிப்புச் சட்டம் இருக்கிறது, 1,20,000 பவுண்டு தருகிறார்கள். ஆனால் 60 சதவீத ஊனம் இருந்தாக வேண்டும். முடங்கிய தோள் அந்தப் படியை எட்டாது.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. 1986இல் சட்டம் இயற்றி, 1988இலிருந்து, தடுப்பூசி ஒவ்வொன்றின் விலையிலும் ஒரு நோய்க்கு 75 சென்ட் வீதம் வரி பிடித்து ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டாம். அட்டவணையில் உள்ள பாதிப்பு, அதில் சொல்லப்பட்ட கால அளவுக்குள் வந்திருந்தால் போதும். 2017 மார்ச்சில் தோள் காயம் அந்த அட்டவணையில் ஏறியது: முன்பு அந்தத் தோளில் பிரச்சினை இருந்திருக்கக் கூடாது, 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும், வேறு காரணம் இருக்கக் கூடாது. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் பொது நிபந்தனை. வலி வேதனைக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். நல்ல நம்பிக்கையோடு போடப்பட்ட மனு தோற்றாலும் வக்கீல் கட்டணத்தை நிதியே கொடுத்துவிடும்.

இந்தியாவில் நாடாளுமன்றம் தடுப்பூசிப் பாதிப்புக்கென்று அப்படியொரு சட்டம் இயற்றவில்லை. கோவிட் ஊசிக்குப் பின் மகள்களை இழந்த பெற்றோர் தொடர்ந்த வழக்கில், 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் தன் நிலையைத் தெளிவாகவே சொன்னது: ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயம் ஏதும் இல்லை, பாதிப்புக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது, வேண்டுமானால் சிவில் நீதிமன்றத்துக்கோ நுகர்வோர் மன்றத்துக்கோ போகலாம். காகிதத்தில் இது கதவைத் திறந்து வைத்ததுபோல இருக்கிறது. ஒரு தோட்டத் தொழிலாளியின் இடத்திலிருந்து அந்தக் கதவுகளைத் தள்ளிப் பார்ப்போம். நுகர்வோர் மன்றம்: 1995இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. ஆகவே 2021இல் தனியார் மருத்துவமனையில் 780 ரூபாய் கொடுத்துக் கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர் நுகர்வோர். அதே மருந்தை அதே நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டவர் நுகர்வோர் இல்லை. காசு கொடுக்க முடிந்தவருக்கு மட்டுமே திறக்கும் கதவைச் சுட்டிக்காட்டி ‘போகலாமே’ என்று அரசு சொல்வது, என் பார்வையில், சட்டப்படியான பதிலே தவிர நியாயமான பதில் இல்லை.

சிவில் நீதிமன்றம் திறந்துதான் இருக்கிறது. அரசு மருத்துவமனை ஊழியரின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்பதை 1996இல் அச்சுதராவ் கோட்வா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. ஆனால் அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும், அதற்கு இன்னொரு மருத்துவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். ஊசி கேரளப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ஏறியிருந்தால் வழக்கு மலைக்கு அந்தப்புறம் நடக்கும். ரிட் மனுவும் உண்டு. 2018இல் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏற்றப்பட்ட கொடுமையில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மறு ஆண்டே 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. நாடே அதிர்ந்த வழக்கு அது, உண்மைகளில் சர்ச்சை இல்லை. தூக்க முடியாத ஒரு தோளுக்கு அந்த வேகம் கிடைக்காது. உண்மை எது என்பதில் தகராறு இருந்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போ என்பதே ரிட் மன்றங்களின் வழக்கம். எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து வலி தாங்காமல் எலும்பு மருத்துவரிடம் போகிறவரின் ஓ.பி. சீட்டில் ‘பி.ஏ. ஷோல்டர்’ (உறைதோள்) என்று இரண்டே சொல் எழுதப்படும். ஊசியைப் பற்றி ஒரு வரி இருக்காது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதகங்களை விசாரிக்கும் அமைப்பு நம்மிடம் உண்டு, ‘ஊசி செலுத்தியதில் நேர்ந்த பிழை’ என்ற வகைப்பாடும் அதில் உண்டு. ஆனால் அதன் கவனமெல்லாம் மரணத்திலும் மருத்துவமனைச் சேர்க்கையிலும்தான் குவிகிறது. தோள்வலிக்காரர் அந்த வலைக்குள் விழுவதே இல்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும், அலட்சியம் செய்தவர்மேல் வழக்குப் போடுவதுதானே முறை என்று. யார்மேல்? கிராம சுகாதாரச் செவிலியர்மேலா? அவர் கையில் கொடுக்கப்பட்டது ஒரே நீள ஊசி. அவருக்கு உட்கார இடம் தந்தார்களா, எத்தனை பேருக்கு ஒருவர் என்று வைத்தார்கள் என்பதெல்லாம் அவர் முடிவு செய்தவை அல்ல. தவறை நிரூபித்தால்தான் பணம் என்று சட்டம் சொல்லும்போது, பாதிக்கப்பட்டவர் அவரைக் குற்றவாளியாக்கியே தீர வேண்டியிருக்கிறது. அவரோ ‘சரியான இடத்தில்தான் போட்டேன்’ என்று மறுத்தே தீர வேண்டியிருக்கிறது. இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள். அடுத்த முறை வெளிப்படையாகப் பதிவாக வேண்டிய பிழை, இந்தப் பயத்தால் பதிவே ஆகாமல் போகிறது. தவறு பற்றிய கேள்வியை இழப்பீட்டிலிருந்து பிரித்துவிட்டால் செவிலியருக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வரும், பயிற்சியும் திருந்தும்.

இன்னொரு ஆட்சேபம் மருத்துவர்களிடமிருந்து வரும்: நடு வயதில், அதுவும் சர்க்கரை நோயாளிகளுக்கு, தோள் உறைவது தானாகவே வருவது, எல்லாவற்றையும் ஊசியின் தலையில் கட்டிவிடுவார்கள். உண்மைதான், சர்க்கரை நோயாளிகளிடம் உறைதோள் மிகச் சாதாரணம். ஆனால் அது மெல்ல மெல்ல வருவது. 48 மணி நேரத்துக்குள் என்ற நிபந்தனை அதை வடிகட்டத்தான். வலி தொடங்கிய சில வாரங்களுக்குள் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்தால் பையில் நீர் கோத்திருப்பதும், சிலருக்கு எலும்பின் தலையிலேயே வீக்கம் இருப்பதும் தெரியும். வடிகட்டி முழுக்கத் துல்லியம் என்று நான் சொல்லவில்லை. சிலர் தகுதியில்லாமலும் பணம் பெறுவார்கள். அதைவிடப் பெரிய அநியாயம், தகுதியுள்ள எல்லோரையும் வெறுங்கையோடு அனுப்புவது.

மூன்றாவது ஆட்சேபம் அமெரிக்க அரசே எழுப்பியது. அட்டவணையில் சேர்த்தபின் அந்தத் திட்டத்துக்கு வரும் மனுக்களில் பாதிக்கு மேல் தோள் காயமாகவே ஆகிவிட்டன. இது ஊசி போடும் கையின் கோளாறு, தடுப்பூசியின் கோளாறு அல்ல, ஆகவே நீக்கிவிடலாம் என்று 2020இல் முன்மொழிந்து, 2021 ஜனவரியில் விதியும் வெளியிட்டார்கள். ஆட்சி மாறியதும் அதே ஆண்டு ஏப்ரலில் அந்த விதி ரத்தானது. வாதம் கேட்பதற்குக் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்து தானாக உடம்புக்குள் போவதில்லை. பொதுநலத்துக்காகக் கையை நீட்டச் சொல்லும் அரசு, குப்பியில் உள்ளதற்கு மட்டும் பொறுப்பு, ஊசிக்குப் பொறுப்பில்லை என்று கோடு கிழிக்க முடியாது.

பயம் பரவும் என்பார்கள். மருந்தில் தவறில்லை, போட்ட இடத்தில்தான் தவறு என்று அரசே சொல்லிப் பணமும் கொடுத்தால், அடுத்த ஊசிக்கு வருகிறவர் ‘அக்கா, கொஞ்சம் கீழே போடுங்க’ என்று சொல்லி வருவாரே தவிர வராமல் இருக்க மாட்டார். மறைத்தால்தான் வதந்தி வளரும். செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து லட்சத்துக்கு 8 பேர் என்ற ஃப்ளூ ஊசிக் கணக்கை, இங்கே போடப்பட்ட 220 கோடி கோவிட் ஊசிகளுக்கு அப்படியே பொருத்தினால் சுமார் 17,600 பேர் வருகிறார்கள். இது தோராயம்தான், ஆனால் கோளாறு மருந்தில் அல்ல ஊசியில் என்பதால் அடியோடு பொருந்தாத தோராயமும் அல்ல. ஆளுக்கு 50,000 ரூபாய் என்று வைத்தாலும் 88 கோடி. 2021-22 மத்திய பட்ஜெட்டில் கோவிட் தடுப்பூசிக்கு ஒதுக்கிய 35,000 கோடியில் இது ஏறக்குறைய கால் சதவீதம்தான்.

நமக்கு இது புதிய யோசனையும் இல்லை. குடும்பக் கட்டுப்பாடு அறுவையில் தவறு நேர்ந்தால் வழக்கில்லாமலே பணம் தரும் திட்டம் 2005இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் வந்தது. 2013இல் அது மறுசீரமைக்கப்பட்டபோது அறுவை தோற்றால் 30,000, சிக்கலுக்கான சிகிச்சைக்கு 25,000 வரை என்று தொகை வைத்தார்கள், பிறகு உயர்த்தினார்கள். மோட்டார் வாகனச் சட்டத்திலும் யார் தவறு என்று பார்க்காமல் கொடுக்கும் பிரிவு உண்டு. 2019ஆம் ஆண்டின் மருந்துப் பரிசோதனை விதிகளோ, பரிசோதனையில் பங்கேற்றவர் அதனால் காயமடைந்தால் இழப்பீடு கட்டாயம் என்கின்றன. அதே ஊசி அனுமதி பெற்று மறுநாள் போடியில் ஒருவருக்கு ஏறினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. சோதனைக்கு வந்தவருக்கு இருக்கும் உரிமை, அரசு கூப்பிட்டு வந்தவருக்கு இல்லாமல் போனதற்கு எந்த நியாயத்தையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் அச்சிலேயே, மாவட்ட அளவில், 48 மணி நேர நிபந்தனையோடும் ஒரு ஸ்கேனோடும் மூன்று மாதத்தில் முடியக்கூடிய சிறு இழப்பீடு ஒன்றை அமைக்கலாம். விழுந்த கூலி, பிசியோதெரபி, பஸ் செலவு: கேட்பது இவ்வளவுதான்.

அது வரும்வரை வாசகர் செய்யக்கூடியவை சில உண்டு. ஊசி போடும்போது தோளின் உச்சியைக் காட்டாமல் கை நடுவைக் காட்டுங்கள், நீங்களும் உட்காருங்கள், போடுபவரையும் உட்காரச் சொல்லுங்கள். வலி மூன்று நாளில் குறையாவிட்டால் போட்ட இடத்துக்கே போய்ப் பாதகப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஓ.பி. சீட்டில் எந்தத் தேதி, எந்தக் கை, எத்தனை மணி நேரத்தில் வலி தொடங்கியது என்று எழுதி வாங்குங்கள். காசு கொடுத்துப் போட்ட ஊசியென்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், அது கேரளத்தில் போட்டதாக இருந்தாலும் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் தேனி மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். இலவச ஊசியென்றால் சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள்: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு.